மாமியாரையும் கூட்டிக்கொண்டு கோவைக்கு வரலாமா?

கேள்வி: எனக்கு வயது 64. பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவன். 1989-ல் அமெரிக்கா போனேன். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து, இந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறது; இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டையும் 2012-லேயே எடுத்துவிட்டேன். முதல் மனைவி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பதினான்கு மாதங்களுக்கு முன்பு, உடன் வேலை பார்த்த நர்ஸ் ஒருவரை மறுமணம் செய்துகொண்டேன். பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அவருடைய தாயார் எங்களோடுதான் இருக்கிறார். வயது 81, பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட், ஒன்பது ஆண்டாக கிரீன் கார்டு. மாமியாரின் மகன் ஒருவர் பிலிப்பைன்ஸில் இலோயிலோ நகரில் இருக்கிறார். என் மனைவிக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகளுக்கு 23 வயது. எனக்கு 29 வயதில் ஒரு மகன், அமெரிக்காவிலேயே பிறந்தவன். கோவை வடவள்ளியில் வீடு வாங்கி மனைவி, மாமியாருடன் வந்து தங்கிவிட நினைக்கிறேன். மனைவிக்கு உடனே ஓசிஐ கிடைக்குமா? மாமியாருக்கு எந்த விசா? பிள்ளைகள் எப்படி வந்துபோவது? ஆனைமலைப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

பதில்:

ஐயா, வணக்கம்.

உங்கள் முழுக் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு பக்கம், தோப்பைப் பற்றி முக்கால் பக்கம், மாமியாரைப் பற்றி இரண்டே வரி. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த விசா வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எந்தத் தேதியில் விமானம் ஏறலாம் என்பதை அந்த இரண்டு வரிதான் தீர்மானிக்கப் போகிறது. அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, எளிதானவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கென்று இந்தியாவில் தனி விசா கிடையாது. தாய்லாந்தில் 50 வயதாகி, வங்கியில் 8 லட்சம் பாட் காட்டினால் ஆண்டுக்கு ஆண்டு தங்கலாம். மலேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் டெபாசிட் கட்டினால் மனைவி மக்களோடு குடியேறத் தனித் திட்டங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய நாடுகளில் குடும்ப ஒன்றிணைவு என்றே தனிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. இங்கே நீண்ட நாள் தங்க வேண்டுமென்றால் இந்திய வம்சாவளி இருக்க வேண்டும், இல்லையென்றால் திருமண உறவு இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வேலை, படிப்பு போன்ற காரணம் வேண்டும். பென்ஷன் எவ்வளவு வந்தாலும் அது கணக்கில் வராது. ஆகவே ஒரே குடும்பமாக இருக்கும் உங்கள் ஐந்து பேரையும் சட்டம் ஐந்து தனி ஆட்களாகத்தான் பார்க்கும்.

உங்கள் மகனுக்குச் சிக்கலே இல்லை. அவன் பிறந்தது எங்கே என்பது பிரச்சினையில்லை. அப்பா ஒரு காலத்தில் இந்தியக் குடிமகன், அது போதும். குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவின்படி கொள்ளுப்பேரன் வரைக்கும் ஓசிஐ உண்டு. நாளைக்கே விண்ணப்பிக்கலாம்.

மனைவியின் மகளுக்கு அது பொருந்தாது. நீங்கள் அவளைச் சொந்த மகளாகவே நினைக்கலாம். ஆனால் அவள் வயது வந்தவள், இந்திய வம்சாவளி இல்லை. டூரிஸ்ட் விசாவில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகட்டும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதுவே தாராளம்.

இனி மனைவி. உடனே கிடைக்காது. இந்தியரையோ ஓசிஐ அட்டைதாரரையோ மணந்த வெளிநாட்டவருக்கு ஓசிஐ உண்டு. ஆனால் திருமணம் பதிவாகி, விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முன்பு தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு நிலைத்திருக்க வேண்டும். உங்களுக்குப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் பத்து மாதம் பாக்கி. அதற்கு மேல் முன்கூட்டிய பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு. பிறப்பால் தகுதி பெறுபவருக்கு ஆகிற வேகத்தில் மனைவிக்கு ஆகாது.

பத்து மாதம் காத்திருக்க முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது. ஓசிஐ அட்டைதாரரின் மனைவி என்ற முறையில் என்ட்ரி விசா, அதாவது எக்ஸ் வகை விசா, கேட்கலாம். அது 180 நாளைத் தாண்டிய விசாவாக இருந்தால், இந்தியா வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. தயவுசெய்து டூரிஸ்ட் விசாவில் மட்டும் கூட்டிவந்துவிட்டு, 'இங்கே வந்து ஓசிஐ போட்டுக்கொள்ளலாம்' என்று நினைக்காதீர்கள். டூரிஸ்ட் விசாவில் இருப்பவர் இந்தியாவுக்குள்ளிருந்து ஓசிஐ-க்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரு தம்பதி இப்படி வந்து, பால் காய்ச்சி, கட்டில் பீரோ எல்லாம் வாங்கிப் போட்ட பிறகு என்னிடம் வந்தார்கள். அந்த அம்மா திரும்பவும் விமானம் ஏற வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், இரண்டு ஆண்டு நிறைந்ததும் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாகவே போட்டு, அட்டை கைக்கு வந்த பிறகு சாமான் கட்டுங்கள் என்பேன்.

அந்தப் பத்து மாதமும் சும்மா இருக்க வேண்டாம். பெயர் வேலை ஒன்று இருக்கிறது. விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் அதுதான்.

உங்களுக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். அமெரிக்கா போனதும் அது விரிந்து குடும்பப் பெயராக நின்றிருக்கும். பழைய இந்தியச் சான்றிதழ்களில் ஒற்றை எழுத்து, ஓசிஐ அட்டையில் முழுப் பெயர். மனைவி பக்கம் வேறு கணக்கு. பிலிப்பைன்ஸ் வழக்கப்படி ஒரு பெண்ணின் நடுப்பெயர் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், கடைசிப் பெயர் அப்பாவுடையது. கல்யாணமானதும் அப்பாவின் பெயர் நடுவுக்கு நகர்ந்துவிடும், கணவரின் குடும்பப் பெயர் கடைசிக்கு வந்துவிடும். உங்கள் மனைவிக்கு இது இரண்டு தடவை நடந்திருக்கிறது. அவருடைய பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழில் முதல் கணவரின் குடும்பப் பெயரோடு ஒன்று, உங்கள் திருமணச் சான்றிதழில் இன்னொன்று, இப்போதைய பாஸ்போர்ட்டில் எது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். உங்கள் 'குடும்பப் பெயரை' அவர் ஏற்றிருந்தால், உண்மையில் மாமனாரின் பெயரை ஏற்றிருக்கிறார். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த ஊரில், பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்! சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டு வழக்கமும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நான்கு காகிதத்தில் நான்கு பெயர் என்றுதான் அவருக்குத் தெரியும். எந்தப் பெயர் எப்போது எதனால் மாறியது என்று தேதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி, நோட்டரி பிரமாணப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். திருமணச் சான்றிதழுக்கு டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று முத்திரை, வாங்குங்கள். மனைவியின் முதல் திருமணம் எப்படி முடிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. விவாகரத்து என்றால் தீர்ப்பின் நகல், இறப்பு என்றால் இறப்புச் சான்றிதழ். உங்கள் முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழும் அதே கோப்பில் இருக்கட்டும்.

அட்டை வந்த பிறகும் உங்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நீங்கள் 20 வயதுக்கு மேல் ஓசிஐ பெற்றவர். அட்டையை மாற்றத் தேவையில்லை, 50 வயதுக்குப் பின் எடுத்த புதிய பாஸ்போர்ட்டை ஒருமுறை இணையத்தில் ஏற்றினால் போதும். ஏற்றினீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பலர் ஏற்றவில்லை. மனைவியோ ஒவ்வொரு முறை புதிய பாஸ்போர்ட் எடுக்கும்போதும், திருமணம் இன்னும் நீடிக்கிறது என்ற உறுதிமொழியோடு ஏற்ற வேண்டும். திருமணம் சட்டப்படி முறிந்தால் அவருடைய ஓசிஐ-யை ரத்து செய்யலாம் என்று 7டி பிரிவு சொல்கிறது. அவருடைய தங்கும் உரிமை உங்கள் திருமணத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது என்பதை அவரும் தெரிந்துகொண்டு வரட்டும். இதைக் கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டு விடுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

அவர் நர்ஸ் என்கிறீர்கள். ஓசிஐ கிடைத்துவிட்டால், இங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து வேலை பார்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேவாலயத்துக்குப் போகிறவர் என்றால் வழிபாட்டுக்கு ஒரு தடையும் இல்லை. மிஷனரி பணி என்றால் மட்டும் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும்.

இப்போது மாமியார்.

மனைவிக்கு ஓசிஐ கிடைத்தாலும் அது அவருடைய அம்மாவுக்கு இறங்காது. உங்களுக்கும் மாமியாருக்கும் உள்ள உறவை விசா விதிகள் கணக்கில் எடுப்பதில்லை. மிஞ்சுவது டூரிஸ்ட் விசா. இ-டூரிஸ்ட் விசா ஐந்தாண்டுக்குக் கூடக் கிடைக்கும். ஆனால் ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாள்தான் தங்கலாம். 'கொழும்புக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால் போதும் சார்' என்று யாராவது சொல்வார்கள். நாள் கணக்கு அதனால் புதிதாகத் தொடங்காது. மெடிக்கல் விசா வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். அது சிகிச்சைக்கான விசா, குடியிருக்க அல்ல. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. விசா முடிந்தும் தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 81 வயதுப் பெரியம்மாவை யாரும் சிறையில் போடப் போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் வெளியேறும் அனுமதிக்காக அலைவதும், அடுத்த முறை விசா மறுக்கப்படுவதும் அந்த வயதில் போதுமான தண்டனை.

இன்னொன்று, வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். 'சி படிவம்' என்று நாங்கள் பழக்கத்தில் சொல்வது அதைத்தான். ஓட்டல்காரருக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் அந்தக் கடமை உண்டு.

இதுவரை சொன்னது இந்தியாவின் கடிகாரம். அமெரிக்காவிலும் அவருக்கு ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நீங்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. கிரீன் கார்டு என்பது அமெரிக்காவில் வாழ்பவருக்கான அட்டை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பினால் விமான நிலையத்தில் கேள்வி வரும். ஓராண்டு தாண்டினால் அந்த அட்டையைக் காட்டி உள்ளே போக முடியாது. கிளம்பும் முன்பே ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்பி வருவதற்கான அனுமதி, எடுத்தால் இரண்டு ஆண்டு வரை தாக்குப்பிடிக்கலாம். ஆனால் நீங்களும் உங்கள் மனைவியும் ஹூஸ்டன் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த பிறகு, 'அமெரிக்காதான் என் வீடு' என்று அந்த அம்மா எந்த முகவரியைக் காட்டுவார்?

எனவே என் யோசனை: நீங்கள் எல்லாரும் ஹூஸ்டனில் இருக்கும்போதே அவருக்கு அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுங்கள். ஐந்தாண்டு கிரீன் கார்டு போதும், அவருக்கு ஒன்பது ஆகிவிட்டது. கடந்த ஐந்தாண்டில் பாதிக்கு மேல், அதாவது 30 மாதமாவது, அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். நடுவில் இலோயிலோ போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அது சிக்கல், பாஸ்போர்ட் முத்திரைகளைப் பாருங்கள். ஆங்கிலத் தேர்விலிருந்து வயதைக் காட்டி விலக்குக் கேட்க 15 ஆண்டு கிரீன் கார்டு வேண்டும், அது அவருக்கு இல்லை. எளிய ஆங்கிலம் வரும் என்றால் பயமில்லை. ஞாபக மறதி போன்ற மருத்துவக் காரணம் இருந்தால், டாக்டர் எழுதித் தரும் விலக்குப் படிவம் தனியாக உண்டு.

குடியுரிமை வந்துவிட்டால் எத்தனை நாள் வெளியே இருந்தாலும் அவர் பேத்தியிடம் திரும்பிப் போகலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். பிலிப்பைன்ஸ் குடியுரிமை அப்போது போகும். 2003-ல் அந்த நாடு கொண்டுவந்த சட்டப்படி, பிறப்பால் பிலிப்பைன்ஸ் குடியுரிமை பெற்றவர் உறுதிமொழி எடுத்து அதைத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெறாவிட்டாலும் முன்னாள் குடிமக்கள் விசா இல்லாமல் ஓராண்டு தங்கலாம். அவர்களோடு சேர்ந்து பயணம் செய்யும் கணவன் அல்லது மனைவிக்கும் அந்தச் சலுகை உண்டு. மனைவியோடு நீங்களும் போய்வரலாம். ஆக மாமியார் கோவையில் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மீதி நாள் இலோயிலோவில் மகன் வீட்டில் என்று ஏற்பாடு செய்யலாம். முழு ஆண்டும் உங்களோடு என்பதற்கு இன்றைய விதியில் நேர்வழி இல்லை. 81 வயதில் ஆண்டுக்கு இரண்டு முறை சிங்கப்பூரில் விமானம் மாறிப் போவது அவரால் முடியுமா என்பதை அவரையே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் விருப்பம் என்ன என்று எங்கும் இல்லை.

குடியுரிமை விண்ணப்பம் முடிய மாதக்கணக்கில் ஆகும். மனைவிக்கும் பத்து மாதம் பாக்கி. இரண்டு காத்திருப்பும் ஒன்றாகவே ஓடட்டும்.

அப்புறம் தோப்பு. வாங்க முடியாது. ஓசிஐ அட்டைதாரர் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் ஆகியவற்றை விலைக்கு வாங்கக்கூடாது. விவசாய நிலத்தைத் தானமாகப் பெறவும் கூடாது. பத்திர ஆபீசில் பதிந்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். பதிவானாலும் அது அந்நியச் செலாவணிச் சட்ட மீறல்தான், தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமுண்டு. தம்பி பெயரில் கிரயம் செய்துவிட்டுப் பணத்தை நீங்கள் கொடுப்பது பினாமி. 2016 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள், எனக்குத் தெரிந்த ஒருவர் மச்சான் பெயரில் தோப்பு வாங்கினார். மச்சான் திடீரென்று போய்விட்டார். மச்சானின் பிள்ளைகள் இவரைத் தேங்காய் பொறுக்கக்கூட உள்ளே விடவில்லை. காட்டுவதற்கு இவரிடம் ஒரு காகிதமும் இல்லை.

உங்கள் அப்பாவின் பூமியில் பங்கு இருந்தால் அது வேறு. வாரிசாக வந்த விவசாய நிலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். ஆகவே மூன்று ஏக்கரை விட்டுவிட்டு, அண்ணன் தம்பிகளோடு பாகப்பிரிவினை முடிந்ததா, பட்டாவில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வடவள்ளி வீட்டை நீங்கள் வாங்கலாம். பணம் ரொக்கமாகப் போகக்கூடாது, வங்கி வழியாக வர வேண்டும். மனைவி பெயரையும் பத்திரத்தில் சேர்க்க விரும்பினால் அதற்கும் அதே இரண்டு ஆண்டு விதிதான். நான் சொன்ன வரிசையில் போனால், வீட்டுப் பதிவன்று அவரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்.

பணம் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க அரசின் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி இந்தியாவிலும் வரும். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அதற்கு அமெரிக்கா மட்டுமே வரி போடலாம். மற்ற ஓய்வூதியக் கணக்குகளுக்கு ஆடிட்டரைப் பாருங்கள், அது என் துறையல்ல. முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இங்கே ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பொதுவாக உதவாது. ஆனால் 65 நிறையும்போது அதில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யை எடுக்காமல் விட்டு, பின்னால் திரும்பிப் போய் எடுத்தால், தாமதமான ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். திரும்பிப் போகிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் யோசித்து முடிவெடுங்கள். மாமியார் வரும் ஒவ்வொரு முறையும் பயணக் காப்பீடு போட்டுக்கொண்டு வரட்டும்.

ஓட்டு? ஓசிஐ-க்கு ஓட்டு கிடையாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. மாமியாரின் பாஸ்போர்ட்டை எடுத்து, கடந்த ஐந்தாண்டில் அவர் அமெரிக்காவை விட்டு வெளியே போன தேதி, திரும்பிய தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மனைவியின் பிறப்புச் சான்றிதழ் நகல் இல்லையென்றால் பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்தில் ஒன்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இலோயிலோவில் இருக்கும் மைத்துனர் அதற்கு உதவலாம். இரண்டும் கையில் இருந்தால் அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள், பெயர் விஷயத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.